வலப்பக்கத்து மோட்டார்

எங்கள் ஸ்டாரா ட்ராகாவில் எந்தப் படகும் என் கண்ணுக்குத் தப்பி வீடு வந்து சேர முடியாது. துறைவாய் தெற்குப் பார்த்தது. உள்ளே நுழைகிற படகுக்கு இடக்கைப் பக்கம் துறைச்சுவர், சுவரின் நுனியில் என் காப்பிக்கடை. யாருக்கு எத்தனை பெட்டி இறால், யார் முகம் தொங்கிக் கிடக்கிறது, யார் வீட்டில் ஆரம்பித்த சண்டையைக் கடலிலும் தொடர்ந்துவிட்டு வருகிறார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். பெரினா புறணி பேசுகிறவள் என்பார்கள். பேசுகிறவள்தான். ஆட்டையும் இறாலையும் விட்டால் வேறொன்றும் இல்லாத தீவில் பின்னே எதைத்தான் பேசுவது?

அப்பேர்ப்பட்ட என் கடையின் கண்ணில் படக்கூடாது என்றுதான் காஷ்பர் அந்தக் காரியத்தைச் செய்தான்.

காஷ்பரும் அவன் மனைவி ஊர்ஷாவும் ஃபோஷ்கா என்கிற படகில் இறால் கூடு போடுகிறவர்கள். தீவுக்கும் வெலேபித் மலைக்கும் நடுவே ஓடுகிற கால்வாயில், அடிச்சேற்றில், நீளக் கொடுக்கு உள்ள சிவப்பு இறால் கிடக்கிறது. ஒரே கயிற்றில் வரிசையாகக் கூடுகளைக் கோத்து இறக்கி, மறுநாள் போய் இழுப்பார்கள். இழுப்பவன் அணியத்தில், அதாவது படகின் முன்நுனியில் நிற்பான். பின்னால் ஒருவர் படகைக் கயிற்றுக்கு நேராகவே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படகு கயிற்றின் மேலேறிவிடும். அந்த வேலை ஊர்ஷாவுடையது. அவளைப்போல் சுக்கான் பிடிக்க இந்தக் கரையில் ஆள் இல்லை என்று ஆண்களே சொல்வார்கள், அவள் இல்லாதபோது.

நவம்பரில் ஒருநாள் அவர்களுடைய டீசல் எஞ்சின் நடுக் கால்வாயில் நின்றுவிட்டது. காற்று இல்லை, அலை இல்லை, புண்ணியம். நாள் முழுவதும் மிதந்து கிடந்தார்கள். கடைசியில் மணல் ஏற்றிப்போன ஒரு படகு அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டது. ஊர்ஷா இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் கடைக்கு வந்தாள்.

"பெரினாக்கா, ஒரு ரக்கியா ஊத்து. பெருசா ஊத்து."

"என்னடி, சாப்பிடாத வயித்துலயா?"

"ஊத்துக்கா. இன்னியோட நான் கரைக்காரி. இனிமே அந்தப் படகுல ஏறமாட்டேன்."

பின்னாலேயே வந்த காஷ்பர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். நல்லவன், ஆனால் வீம்பு பிடித்தவன். அவன் மீசையே அப்படித்தான் நிற்கும்.

"கேட்டீங்களா கதைய. இத்தன வருஷமா ஓடுற எஞ்சின். ஒருநாள் இருமிடுச்சாம், அதுக்கு இந்தப் பாடு."

"இருமல. மூச்சே நின்னுபோச்சு."

"அப்புறம் வீடு வந்து சேந்தோமா இல்லையா?"

"மணல் படகு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. சொல்றதுன்னா முழுசாச் சொல்லு மனுஷா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊர்ஷா சிரிக்கவில்லை. கோப்பையை ஒரே வாயில் காலி செய்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இன்னிக்கு போரா வரல. வந்திருந்தா இப்ப நீங்கல்லாம் தேவாலயத்துல மெழுகுவத்தி ஏத்திட்டு இருப்பீங்க. இந்த மனுஷன் படகுல ரெண்டாவதா ஒரு மோட்டார் மாட்டட்டும். மாட்டின அன்னிக்கு ஏறுறேன். அதுவரைக்கும் அவரே இழுக்கட்டும், அவரே சுக்கான் பிடிக்கட்டும், அவரே அவரத் திட்டிக்கட்டும்."

போராவின் பெயரைச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. மலைக்கு அந்தப்புறம் குளிர் தேங்கித் தேங்கி, ஒருநாள் முகட்டைத் தாண்டி மொத்தமாகக் கடலில் விழும். அதுதான் போரா. இந்தத் தீவின் கிழக்குப் பாறைகளில் புல் பூண்டு கிடையாது. போரா அள்ளியடிக்கும் உப்பு எதையும் முளைக்க விடாது. நாங்கள் அதற்கு எதிராக ஒன்றும் செய்வதில்லை. மலையைப் பார்ப்போம். முகட்டில் வெள்ளைத் தொப்பி மாதிரி மேகம் உட்கார்ந்தால் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம்.

சரி, மோட்டார்தானே, வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊரில் அப்படித் தீராது. படகுக்கு வெளியே தொங்குகிற சின்ன மோட்டாருக்கு எங்கள் ஊரில் கைத்தடி என்று பெயர். வைத்தவன் பார்துல். என் கடையிலேயே உட்கார்ந்து என் காப்பியையே குடித்துக்கொண்டு ஊரில் எல்லாருக்கும் பெயர் வைக்கிறவன். கோடையில் வருகிற ஜெர்மன்காரர்கள் கைத்தடி வைத்திருப்பார்கள். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற கிழவர்கள் வைத்திருப்பார்கள். இறால்காரன் எவனும் வைத்ததில்லை.

"காஷ்பரு, கைத்தடி வாங்கப் போறியாமே" என்றான் பார்துல் மறுநாள். "அப்படியே ஒரு பல்செட்டும் வாங்கிக்க. சேத்து வாங்குனா மலிவு."

"எவன் சொன்னான் வாங்கப்போறேன்னு?"

"உன் வீட்டுக்காரி சொல்லுச்சே, ஊரே கேட்டுச்சே."

"அவ ஆயிரம் சொல்லுவா."

தனியாகப் போய்ப் பார்த்தான். அணியத்தில் நின்று இழுப்பான், பின்னால் ஓடிப்போய்ச் சுக்கானைத் திருப்புவான், அதற்குள் கயிறு நழுவும், திரும்ப ஓடுவான். பாதிக் கூடுகளை இழுக்காமலே வருவான். ஒருநாள் கயிறு அவன் உள்ளங்கையை உரித்துவிட்டது. ஓபாத்தியாவிலிருந்து உயிர் இறாலுக்கு வருகிற ஓட்டல் வண்டி இரண்டு தடவை வெறும் தொட்டியோடு திரும்பியது. ஊர்ஷா வீட்டில் கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்துப் போட்டாள், கைக்கு மருந்து கட்டினாள், படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் அவனை அடித்தது என்று நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஒரு காலையில் கடைக்குப் பின்வாசல் வழியாக வந்தான். காஷ்பர் பின்வாசல் வழியாக வந்து நான் பார்த்ததே இல்லை.

"பெரினா, வியாழக்கிழமை ரியேக்காவுக்குச் சரக்கெடுக்கப் போறேல்ல? உன் வேன்ல எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்குமா?"

"இருக்கும். எதுக்காம்?"

"சும்மா. பல்லு காட்டணும்."

மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ரியேக்காவில் மீன்சந்தைக்குப் பின்னால் இருந்தது கடை. நேவியோ என்று ஒருவர், வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். சுவரோரமாக மரத்தாங்கிகளில் மோட்டார்கள் வரிசையாகத் தொங்கின. காஷ்பர் உள்ளே நுழைந்ததும் நேராகப் போய் இருப்பதிலேயே சின்னதைத் தூக்கிப் பார்த்தான்.

"இது நல்லாருக்கு. ஒரு கையில தூக்கலாம். தார்ப்பாய்க்கு அடியில வச்சா இருக்கிறதே தெரியாது."

"எந்த மாதிரிப் படகுங்க?" என்றார் நேவியோ.

"கயேட்டா. ரெண்டு பக்கமும் கூர். ஓக் சட்டம், பைன் பலகை."

"இறால் படகா? அப்ப எடை இருக்குமே. இது ரப்பர் தோணிக்குப் போடுறதுங்க."

ஊர்ஷா அதன் விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தாள். மூன்று சின்ன இதழ்கள், ஒரு பிஸ்கோத்து அகலம்.

"ஐயா, இது எங்க படகைத் தள்ளுமா, இல்ல சும்மா எங்ககூட வருமா?"

நேவியோ சிரித்துவிட்டார். "கூட வரும்மா. மரியாதையா கூட வரும்."

"அப்ப வேண்டாம். கூட வர்றதுக்குத்தான் இவர் இருக்காரே."

காஷ்பர் மீசையைக் கடித்துக்கொண்டான். பிறகு பேச்செல்லாம் நேவியோவுக்கும் ஊர்ஷாவுக்கும் நடுவில்தான் நடந்தது. எத்தனை குதிரைச்சக்தி என்பதை அவள் கேட்கவே இல்லை. கால் எவ்வளவு நீளம் என்றாள். மோட்டாரின் தலைக்கும் விசிறிக்கும் நடுவில் இறங்குகிற தண்டைத்தான் கால் என்கிறார்கள். குட்டைக் கால் ஒன்று, நீளக் கால் ஒன்று. அவள் மேலங்கிப் பையிலிருந்து ஒரு துண்டுக் கூட்டுக்கயிற்றை எடுத்தாள். அதில் ஒரு முடிச்சு.

"படகோட மேல்பலகையிலருந்து தண்ணிவரைக்கும் இவ்வளவு."

காஷ்பர் திகைத்துப் போனான். "எப்ப அளந்தே?"

"நீ தூங்குறப்ப. கூடெல்லாம் கரையில கெடக்கயில, காலிப் படகுல அளந்தேன். பாரத்தோட அளந்தா குட்டைக்கால் போதும்னு தோணும். படகு காலியாத் திரும்பி வரும்போதுதான் உசந்து நிக்குது."

நேவியோ கயிற்றை வாங்கி ஒவ்வொரு மோட்டாரின் அருகிலும் பிடித்துப் பார்த்தார். "நீளக்கால்தான் வேணும். பின்பக்கம் கூருன்னா பின்னால மாட்ட முடியாது. பக்கத்துல சட்டம் அடிச்சுத்தான் மாட்டணும். பக்கத்துல மாட்டுனா படகு உருளும்போது விசிறி தண்ணிக்கு மேல வரும், அது தெரியும்ல?"

"தெரியும்."

"சரி. வேகம் வேணுமா, தள்ளுற பலம் வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றான் காஷ்பர்.

"இல்லைங்க." நேவியோ மூலையிலிருந்த ஒன்றின் உறையை விலக்கினார். பழைய மாதிரி, சாம்பல் நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விசிறி அகலமாக, தட்டையாக, என் கேக் தட்டு அளவுக்கு இருந்தது. "ஆறு குதிரைதான். ஆனா இதோட பல்சக்கரம் வேற. மெதுவாத்தான் சுத்தும். கரையில நடந்துபோறவன் உங்கள முந்திட்டுப் போவான். ஆனா எவ்வளவு பாரம் வச்சாலும் மூச்சு வாங்காது. ரிவர்ஸ் கியர் கிடையாது, தலையையே முழுசாத் திருப்பிக்கணும்."

"நடந்துபோறவன் முந்துவானா?" காஷ்பருக்குப் பொறுக்கவில்லை. "நல்லாருக்கே. பார்துல் துறைச்சுவத்துல நடந்துக்கிட்டே எனக்குக் கத சொல்லிக்கிட்டு வருவான்."

ஊர்ஷா காதில் வாங்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அந்த விசிறியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். "இதுதான்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. அவள் கடையில் நிற்கவில்லை, அந்த நவம்பர் நாளில் நின்றுகொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது. காஷ்பரும் அவள் முகத்தைப் பார்த்தான். பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தான். சந்தையில் வறுத்த நெத்திலி வாங்கித் தின்றோம். திரும்பி வரும் வழியெல்லாம் மோட்டாரை ஒரு போர்வையில் சுற்றி மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பெரினா."

"சொல்லு."

"இது யாருக்கும் தெரிய வேணாம்."

"யாருக்கு, எனக்கா?"

"ஊருக்கு."

சத்தியம் செய்துகொடுத்தேன். எப்படிக் காப்பாற்றினேன் என்பது இன்றுவரை எனக்கே ஆச்சரியம்.

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், இரும்புச் சட்டத்தைப் படகில் அடித்தான். திங்கள் காலை ஊர்ஷா ஈரம் புகாத உடுப்பைப் போட்டுக்கொண்டு, ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் மடித்துக்கொண்டு துறைக்கு வந்தாள். நான் நாற்காலிகளை வெளியே போட்டுக்கொண்டிருந்தேன். படகருகே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்தப் பக்கம் அடிச்சிருக்கே?"

"ஏன், கண்ணு தெரியலயா?"

"வலப்பக்கம் அடிச்சிருக்கே."

"வலப்பக்கந்தான்."

"ஏன்?"

காஷ்பர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஆனால் அவள் திரும்பி என் கடையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். உள்ளே வருகிற படகின் இடப்பக்கம்தான் என் கடையைப் பார்க்கும். வலப்பக்கம் எதிர்ப்பாறையைப் பார்க்கும். பாறையில் நண்டுதான் இருக்கிறது, பார்துல் இல்லை.

"அவனுக்குப் பயந்தா?" என்றாள் மெல்ல.

"எவனுக்கும் பயமில்ல. மாட்டச் சொன்னே, மாட்டியாச்சு."

"காஷ்பரு, கேளு. வீட்டுக்கு வரும்போது போரா எந்தப் பக்கத்துல அடிக்கும்? மலை வலக்கைப் பக்கந்தானே. அந்தப் பக்கத்தத்தான் தூக்கும். விசிறி ஆகாயத்துல சுத்தும்."

"போரா வர்ற அன்னிக்கு நாம கடல்ல இருக்கமாட்டோம். என்னிக்காச்சும் இருந்திருக்கோமா?"

திரும்பிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். பிறகு ரொட்டிப் பொட்டலத்தைப் படகுக்குள் வைத்தாள்.

"மாட்டினா ஏறுவேன்னு சொன்னேன். எந்தப் பக்கம்னு சொல்லாம விட்டது என் தப்பு" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

ஜனவரி நல்லபடியாகப் போயிற்று. பெட்டி பெட்டியாக இறால். கரைக்கு வருமுன்பே காஷ்பர் மோட்டாரைக் கழற்றிக் கீழே படுக்கவைத்துத் தார்ப்பாயைப் போட்டுவிடுவான். "கைத்தடி இல்லாமலே ஏறிட்டியா ஊர்ஷா?" என்று பார்துல் கேட்பான். ஊர்ஷா இறால் பெட்டியை இறக்குவாள். நான் கோப்பைகளைத் துடைப்பேன்.

பிப்ரவரியில் அந்த நாள் வந்தது. காலையில் கடல் அசையவில்லை. மலை கழுவி வைத்த மாதிரி சுத்தமாக, ஒவ்வொரு வெடிப்பும் தெரியும்படி நின்றது. தொப்பி இல்லை. நான்கு படகுகள் போயின. மூன்று சீக்கிரம் இழுத்துவிட்டு வந்துவிட்டன. ஃபோஷ்கா மட்டும் தெற்கே, கடைசிக் கயிற்றில் நின்றது, என் கடையிலிருந்து ஒரு விரல்நகம் அளவுக்குத் தெரிந்தது.

கிழட்டு ஷிமேதான் முதலில் பார்த்தார். பழைய கப்பல்காரர், பேச்சு குறைவு. சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தொப்பி போட்டிருச்சு."

நாங்கள் எல்லாரும் திரும்பினோம். ஒரு சூப்புத் தட்டு காலியாகிற நேரத்துக்குள் மலை முகடு முழுக்க வெள்ளை. அது வழியத் தொடங்கியது. சத்தம் முதலில் வந்தது. காற்றின் சத்தம் இல்லை அது, மலைக்குள் யாரோ கல்லை உருட்டுகிற சத்தம். பிறகு எதிர்க்கரையில் தண்ணீர் கறுத்தது. கறுப்புக்குப் பின்னால் வெள்ளை. காற்று கடலின் மேல்தோலை உரித்து எடுத்து ஆகாயத்தில் வீசியது. கடல் புகைந்தது. அத்தனை பெரிய ஒன்று இவ்வளவு சுத்தமான வெயிலில், ஒரு மேகமும் தலைக்கு மேல் இல்லாமல் வருவதைப் பார்க்கும்போது கடவுளைப் பயமில்லாமல் நினைக்க முடியாது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"ஏன் நிக்கிறாங்க?" என்றான் பார்துல். "காஷ்பரு, கயித்த விட்டுட்டு வாடா."

தூரக்கண்ணாடி வழியாகப் பார்த்த ஷிமே சொன்னார். "வரமுடியல. முதல் அடியிலயே படகு கயித்து மேல ஏறிருச்சு. விசிறியில சுத்திருக்கும். எஞ்சின் புகை இல்ல பாரு."

அதுதான் நடந்திருந்தது. காஷ்பர் கயிற்றை அறுத்துவிட்டான், ஆனால் எஞ்சின் விசிறியில் சுற்றியது சுற்றியதுதான். டீசல் எஞ்சின் செத்த மாதிரி. காற்று அவர்களைத் தென்மேற்கே தள்ளியது, கழுகு முனையை நோக்கி. முனைக்கு இந்தப்பக்கம் நுழைந்துவிட்டால் எங்கள் துறை. அதைத் தாண்டிப் போய்விட்டால் அப்புறம் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை.

பார்துல் தன் படகை அவிழ்க்க ஓடினான். வாயாடிதான், ஆனால் யோசிக்காமல் ஓடினான். துறைவாய்க்கு வெளியே மூக்கை நீட்டியதும் காற்று அவனைத் தூக்கிச் சுவரோடு சாத்தியது. பக்கப் பலகை உடைந்தது. நாங்கள் கயிறு போட்டு அவனை இழுத்தோம். நெற்றியில் ரத்தத்தோடு வந்து நின்றவன் "அவங்ககிட்ட வேற மோட்டார் கூட இல்லையே" என்று அழுதான். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்கு. ஆறு குதிரை. வலப்பக்கத்துல."

ஷிமே கண்ணாடியை இறக்காமல் சொன்னார். "வலப்பக்கமா? கடவுளே. அது காத்து தூக்குற பக்கமாச்சே."

நாங்கள் பார்த்தோம். ஃபோஷ்கா வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது, கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. அலை வருகிறபோதெல்லாம் மலைப்பக்கம் தூக்கிக்கொண்டது. அப்போதெல்லாம் விசிறி வெறும் காற்றில் சுற்றி ஊளையிட்டது என்று ஊர்ஷா பிறகு சொன்னாள். "பன்னிய அறுக்கிற மாதிரி சத்தம்க்கா. அது தண்ணிக்குள்ள இருக்கிற நேரம் நாங்க வீட்டுக்குப் போறோம். வெளிய வர்ற நேரம் முனைக்குப் போறோம். வெளிய வர்ற நேரந்தான் அதிகம்." கூடுகளையெல்லாம் வலப்பக்கம் தள்ளிப் பார்த்தார்களாம். அந்தப் பக்கம் தாழ்ந்தது, உடனே அலை அந்த வழியாகவே உள்ளே ஏறியது. கூடுகளைக் கடலில் எறிந்துவிட்டு வாளியால் இறைத்தார்கள். கடையிலிருந்து பார்த்தால் முனைக்கும் படகுக்கும் நடுவில் இருந்த நீலம் குறைந்துகொண்டே வந்தது. பெண்கள் ஜெபமாலையை எடுத்துவிட்டார்கள். எதிர்க்கரையில் செஞ் நகரில் இருக்கும் மீட்புப் படகுக்கு யாரோ போன் செய்தார்கள். இந்தக் காற்றில் அவர்களும் கிளம்ப முடியாது, காற்று தணியட்டும் என்றார்கள்.

அப்போது ஃபோஷ்கா திரும்பியது. எங்களுக்கு முதுகைக் காட்டியது. அணியம் தெற்கே, திறந்த கடலைப் பார்த்தது.

"காத்தோட போறாங்க" என்றார் ஷிமே. கண்ணாடியை இறக்கினார். "போராடி முடியல. காத்தோட விட்டுட்டாங்க."

அந்த வியாழக்கிழமை ரியேக்காவிலிருந்து நான்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன், மடியில் போர்வையோடு. அவ்வளவுதான் நினைவு வந்தது.

பார்க்க முடியாமல் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டேன். பார்துல்தான் என் தோளை உலுக்கினான்.

"பெரினா, பாரு. பெருசாவுது."

"என்ன பெருசாவுது?"

"படகு பெருசாவுது. போகல அவங்க. வர்றாங்க."

ஃபோஷ்கா வந்துகொண்டிருந்தது. பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கூரான படகுக்கு முன்னென்ன பின்னென்ன, அலையைப் பிளக்க எந்தக் கூரும் போதும். படகைத் திருப்பிப் போட்டதும் அதன் வலப்பக்கம் மலைக்கு எதிர்ப்புறமாக, காற்று அமுக்குகிற பக்கமாகப் போய்விட்டது. அந்தப் பக்கம் தண்ணீருக்குள் அழுந்தி நின்றது, விசிறியோடு. காஷ்பர் பின்கூரின் மேல் குப்புறப் படுத்து, அலை தலைக்கு மேல் போகப் போக, பின்னோக்கிப் போகையில் குறுக்கே நிற்காதபடி சுக்கானைக் கழற்றி உள்ளே இழுத்துப் போட்டானாம். ஊர்ஷா மோட்டாரின் தலையை முழுசாகத் திருப்பி, அதையே சுக்கானாகப் பிடித்துக்கொண்டாளாம். பின்பக்கமாகவே போகலாம் என்று யார் சொன்னது என்று பின்னால் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். அவன் அவள்தான் என்கிறான். அவள் "இந்த மனுஷன்தான்" என்கிறாள்.

நடந்துபோகிறவன் முந்திவிடுவான் என்று நேவியோ சொன்னார் அல்லவா, தவழ்கிற குழந்தை முந்தியிருக்கும். ஓர் அடி வரும், நிற்கும். ஓர் அடி வரும், நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் மலை முழுக்க இறங்கி அவர்கள் மேல் விழுந்தது. வெள்ளைப் புகைக்குள் படகு மறையும். புகை விலகும், அங்கேயே நிற்கும், போன தடவையைவிட ஒரு முழம் பக்கத்தில். எனக்கு இந்த வயதுவரை எந்த அதிசயத்திலும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. புனிதரின் எலும்பைக் காட்டினாலும் இது ஆட்டெலும்பா என்று பார்ப்பவள் நான். அன்றைக்கு ஒரு சாம்பல் நிற இரும்பு, என் சமையலறை அடுப்பைவிடச் சின்னது, அந்த மலைக்கு எதிராகத் தள்ளிக்கொண்டே இருந்ததைப் பார்த்து இன்னொரு தடவை சிலுவை போட்டுக்கொண்டேன்.

முனைக்கு இந்தப்பக்கம் வந்துவிட்டார்கள். துறைவாய்க்குள் நுழைந்ததும் அலை செத்தது. காற்று மட்டும் கூரைகளின் மேல் அலறியது. பின்பக்கமாகவே உள்ளே வந்தார்கள். வலப்பக்கம் முழுசாக எங்களைப் பார்த்தபடி வந்தது. அந்த மோட்டாரை ஊர் முதல்முறையாகப் பார்த்தது. உப்பு படிந்து வெள்ளையாக இருந்தது. டுக், டுக், டுக் என்று ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பார்துல் தொப்பியைக் கழற்றினான். யாரைப் பார்த்துக் கழற்றினான் என்று சொல்லத் தெரியவில்லை. ஷிமே கழற்றினார். பிறகு எல்லாரும்.

கயிறு வீசினோம். காஷ்பர் பிடித்துக் கட்டினான். அவன் மீசையில் பனிக்கட்டி தொங்கியது. அவன் கடையைப் பார்க்கவில்லை, பார்துலைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை. ஊர்ஷாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் கை மோட்டாரின் பிடியில் விறைத்துப்போயிருந்தது, விரல்கள் ரத்தமில்லாமல் மெழுகு நிறத்தில் இருந்தன. நான் படகுக்குள் இறங்கி அவள் மேல் என் கோட்டைப் போர்த்தினேன். காஷ்பர் அவள் விரல்களின் மேல் வாயை வைத்து ஊதினான். அவன் தோள்கள் குலுங்கின.

"ஊர்ஷா, வந்துட்டோம். கைய விடு. அணைச்சிடலாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"அணைக்காத. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

யாரும் அதைத் தொடவில்லை. துறைச்சுவரில் வெறுந்தலையோடு நின்று நாங்கள் எல்லாரும் அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.